வழித்த முகம்

காலை ஆறரைக்கு லொறி ஆட்களைத் தாங்கியடியில் இறக்கிவிட்டுப் போனால், முதல் வேலை முகம் வழிக்கிறதுதான். ஊரில் மனிசர் கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் சவரம் எடுப்பார்கள். சீனன்குடாவுக்கு அப்பால், காட்டுக்குள் யானை படுத்த மாதிரிக் கிடக்கும் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்த அந்த நாலு பேரும் நாள் தவறாமல் எடுத்தார்கள். எடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

அந்த நாலு பேரில் ஒருத்தன் அல்பிரட். பைப்படியில் குந்தியிருந்து, உள்ளங்கை அகலக் கண்ணாடியைப் பூவரசங் கொப்பில் சொருகிவிட்டு, முகத்தில் தண்ணீரைத் தொட்டு வைப்பான். தண்ணீர் பட்டாலே எரியும். அதன்மேல் சவர்க்கார நுரை. அதன்மேல் கத்தி. நாடியிலும் இரண்டு கன்னத்திலும் மயிர்க்கால் தோறும் கறுப்புக் குத்துகள். குத்துக்குக் குத்து ஒரு சீழ்க் கொப்புளம். கத்தி போகிற வழியெல்லாம் அவற்றின் தலையைச் சீவிக்கொண்டு போகும். வழித்து முடிய நுரை சிவந்திருக்கும்.

வழித்து முடிந்ததும் நாலு பேரும் வரிசையில் நிற்க வேண்டும். ஓவசியர் தங்கரத்தினம் வந்து புறங்கையால் ஒவ்வொருத்தன் கன்னத்தையும் தடவிப் பார்ப்பார். சொரசொரத்தால், "போ, திருப்பி வழிச்சுக்கொண்டு வா" என்பார். ஏன் வழிக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கிற துணிவும் ஒருத்தனுக்கும் இல்லை. கேட்காத கேள்விக்கு ஆளாளுக்கு மறுமொழி வைத்திருந்தார்கள்.

"அந்தாளுக்குப் பெஞ்சாதி செத்துப் பத்து வருசம்" என்பான் இக்னேசியஸ். "கன்னம் தடவ வேற ஆர் இருக்கினம், பாவம்."

அல்பிரட் சிரிப்பான். சிரித்தால் கன்னம் வெடிக்கும்.

அந்த முகம் ஒரு நாளில் வந்த முகம் இல்லை. ஒன்பது வருசமாய் அவன் கறுத்த தாங்கிக்காரன். கப்பலுக்கு ஊற்றுகிற கறுத்த எண்ணெய் நிரம்பிக் கிடந்த தாங்கிகளுக்குள் இறங்கி, அடியில் தாரைப் போல உறைந்து கிடக்கும் சகதியைச் சவளால் வழித்து வாளியில் அள்ளிக் கொடுக்கிற வேலை. அந்த வேலைக்கு ஒரு வழமை இருந்தது. இறங்க முந்தித் தலை தொடங்கி உள்ளங்கால் வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும், முகத்துக்கு இரட்டிப்பாய். பூசினவனின் தோலில் சகதி ஊறாது. பின்னேரம் லேசில் கழன்று வரும். பூசாமல் இறங்கினவன் ஒன்றில் நேற்று வந்தவன், இல்லாவிட்டால் மண்டை கழன்றவன். வெள்ளைக்கார நேவி இருந்த காலத்திலிருந்து கூலிக்குக் கூலி கைமாறி வந்த புத்தி அது. பிழையான புத்தி என்று சொல்ல ஏலாது. கறுத்த தாங்கிக்கு அதுதான் சரி.

முகத்தைக் கெடுத்தது வெளியே வந்த பிறகு செய்த வேலை. எண்ணெய் பூசினாலும் மூக்கோரத்திலும் காதோரத்திலும் கறுப்பு விடாது. அதற்கு மண்ணெண்ணெயில் தோய்த்த பஞ்சுக் கழிவு. அதற்கும் போகாவிட்டால் சட்டி தேய்க்கிற சவர்க்காரமும் பொடி மணலும். பிறகு நாலு பேருக்கும் ஒரே துவாய். ஒன்பது வருசம் இப்படித் தேய்த்தால் கருங்கல்லும் கொப்பளிக்கும்.

நேவி போய் நாலு வருசமாகியிருந்தது. கறுத்த தாங்கி வேலை முடிந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒரு கொந்தராத்துக்காரர் வெள்ளைத் தாங்கி இரண்டைத் துப்புரவாக்க எடுத்திருந்தார். வெள்ளைத் தாங்கி என்றால் ஆகாயக் கப்பலுக்கு ஊற்றுகிற பெற்றோல் கிடந்தது. அங்கே சகதி கொஞ்சம். ஆனால் உள்ளே நிற்கிற ஆவி கண்ணுக்குத் தெரியாது. நாலு மூச்சு இழுத்தால் ஆள் சரிவான். அதனால் நேவிக்காரர் விட்டுப்போன றப்பர் முகமூடி இரண்டைக் கொடுத்திருந்தார்கள். முகத்தை நெற்றி முதல் நாடி வரை மூடும். மூக்குக்கு நேரே ஒரு நீளக் குழாய். அதன் மறுமுனை தாங்கிக்கு வெளியே, காற்றுப் பக்கம் கிடக்கும். உள்ளே நிற்பவன் மூச்சை இழுத்தால் வெளிக்காற்று வரும். நாலு பேருக்கு முகமூடி இரண்டு. ஒரு முகமூடிக்கு இரண்டு பேர். அரை மணித்தியாலம் ஒருத்தன் உள்ளே. மற்றவன் வெளியே, அவன் இடுப்பில் கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அல்பிரட்டுக்குச் சோடி கிண்ணியா அன்ஸார்.

அன்ஸார் வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சுவரை தாடி. ஓவசியர் தாடியைப் பார்த்தார், பைப்படியைக் காட்டினார். அவ்வளவுதான். அன்ஸார் அரை மணித்தியாலம் யோசித்துவிட்டுத்தான் வழித்தான். மூன்றாம் நாள் வந்து சொன்னான்:

"மச்சான், எண்ட பொண்டாட்டி ஸல்ஹா ஊட்டுக்குள்ள என்னக் கண்டதும் முக்காட்ட இழுத்துப் போட்டுக்கிட்டா. யாரோ அந்நிய ஆம்புளயாம். ரெண்டு நாள் சோறும் கதவுக்கு வெளிய."

"பிறகு?"

"பிறகென்ன, கொரலக் கேட்டுத்தான் நம்பின."

ஓவசியருக்குப் பயந்து அவன் இரண்டு தரம் வழிப்பான். மேலிருந்து கீழாய் ஒரு தரம், கீழிருந்து மேலாய் இன்னொரு தரம். கழுவிய சங்கு மாதிரி முகம் வழவழத்துக் கிடக்கும். கண்ணாடி சின்னனாய் இருந்தபடியால் காதடியை ஒருத்தனுக்கு ஒருத்தன் வழித்துவிடுவார்கள். அல்பிரட்டின் கொப்புளங்களைச் சுற்றிக் கத்தியைக் கொண்டுபோகிற பக்குவம் அன்ஸாருக்குத்தான் இருந்தது. கண்ணிவெடி கிடக்கிற வளவில் நடக்கிறவன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு வழிப்பான்.

"ஒண்ட மொகம் வெடிச்ச பலாப்பழம், மச்சான். இத ஒரு டாக்குத்தருக்காவது காட்டு."

காட்டினான். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்:

"மண்ணெண்ணெயை இனி முகத்துக்குக் காட்டாதை. சட்டிச் சவர்க்காரத்தைச் சட்டிக்குப் போடு. ஆற்றின தண்ணியால கழுவு, தேயாதை, ஒத்தி எடு. இன்னொருத்தன் துடைச்ச துவாயால துடையாதை. ரெண்டு கிழமைக்குக் கத்தி வைக்கப்படாது."

"ஐயா, கத்தி வைக்காட்டி என்னை வேலையால வெட்டிப்போடுவினம்."

"அப்ப வேலைக்குப் போற முகத்தை நீ வெட்டிப்போடு. தோல் உன்ர ஓவசியரின்ர கதையைக் கேக்காது, தம்பி."

முப்பத்தெட்டு வயசு அவனுக்கு. அந்தக் காட்டுக்குள் வேறு வேலை இல்லை. துறைமுகத்தில் பெயர் பதிந்துவிட்டு, விடிய விடிய வாசலில் கூப்பிடுவார்களோ என்று பார்த்து நிற்கிறவர்களின் வரிசை கோட்டைச் சந்தி வரை இருந்தது. வெள்ளைத் தாங்கி இரண்டும் முடிந்தால் அடுத்த கொந்தராத்துக்கும் இந்த நாலு பேரைத்தான் எடுப்பார்கள் என்று கதை. முகம் வழிக்க முடியாதவனை எடுக்க மாட்டார்கள். வேறு கதையில்லை.

பாலையூற்றில் கோயிலுக்குப் பின்னால் ஒரு கிடுகு வீட்டில் அவனும் பெண்சாதி றீற்றாவும் இருந்தார்கள். றீற்றா கன்னியாஸ்திரி மடத்தில் உடுப்புத் தோய்க்கிறவள். கெட்டிக்காரி. அப்போதிக்கரி சொன்னதில் கத்தியை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். இரவு கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைப் போத்தலில் அடைத்துக் கொடுப்பாள். பயற்றம் மாவை மெல்லிய சீலையில் அரித்துப் பொட்டலம் கட்டுவாள். பழைய வேட்டியைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயப்போட்டு, "இது உங்களுக்கு மட்டும். அன்ஸார் அண்ணனுக்கெண்டாலும் குடுக்காதேங்கோ" என்று மடித்து வைப்பாள். கத்தியை ஒவ்வொரு இரவும் கொதி தண்ணீரில் போட்டு எடுப்பாள்.

கடைசியாய் ஒரு எண்ணெய் காய்ச்சினாள். தேங்காயெண்ணெயில் குப்பைமேனி இலை, வேப்பம்பட்டை, பச்சை மஞ்சள். இலை மொறுமொறுத்து வர இறக்கி வடித்து, அதில் தேன்மெழுகு ஒரு துண்டைப் போட்டுக் கரைத்தாள். ஆறினதும் களி மாதிரி இறுகி நின்றது.

"ஏன் மெழுகு?"

"வேர்வைக்குக் கழுவுப்படாமல் நிக்கும். வழிச்ச உடனை பூசுங்கோ. அந்தச் சனியன் றப்பர் புண்ணிலை உரசாது."

அல்பிரட்டுக்கு அது நியாயமாய்ப்பட்டது. தாங்கிக்குள் போகிறவன் எண்ணெய் பூசுகிறது புதுசா?

ஓவசியர் கன்னம் தடவிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் பூசினான். ஒளிக்க வேண்டும் என்றில்லை. பூசின பிறகு அவர் தடவினால் கை வழுக்குமே, ஒரு மாதிரி இருக்குமே என்றுதான். அன்ஸார் மட்டும் கேட்டான்.

"ஓவசியருக்குத் தெரியுமா இது?"

"வழிக்கச் சொன்னவர். பூச வேண்டாமெண்டு சொன்னவரோ?"

"அதுவும் சரிதான்" என்றான் அன்ஸார். அரை மணித்தியாலம் கழித்து அவன் முறை வந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்ததும் சிரித்தான். "மச்சான், ஒண்ட பொண்டாட்டி என்னத்தக் காய்ச்சினா? உள்ளுக்குக் கறிக்குத் தாளிச்ச மணம். பசிக்குது."

ஒரு கிழமையில் எரிவு நின்றது. இரண்டாம் கிழமை சீழ் வற்றிப் பொருக்குக் கட்டியது. மூன்றாம் கிழமை பொருக்கு உதிர்ந்து, அடியில் புதுத் தோல் சிவப்பாய்த் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியில் றீற்றா அவன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். றோட்டில் வைத்து. கலியாணம் கட்டிப் பதினொரு வருசத்தில் அவள் றோட்டில் வைத்து அவனைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

முகமூடிதான் ஒரு மாதிரியாய் வந்தது. ஓரத்து றப்பர் பிசுபிசுத்தது. கழற்றி வைத்தால் மண் ஒட்டும். மண்ணைத் துடைக்க அல்பிரட் மண்ணெண்ணெய்ச் சீலையால் ஒரு பிடி பிடிப்பான். துடைத்தால் பளபளவென்று நன்றாய்த்தான் இருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

"வெயிலுக்கு உருகுது" என்றான் அன்ஸார். "வெள்ளக்காரன் குளிர்நாட்டுக்குச் செஞ்ச சாமான்."

கச்சான் காற்று தொடங்கியிருந்தது. காட்டுப் பக்கமிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி வீசும். தாங்கியின் இரும்பில் கை வைக்க ஏலாது. அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் முறை அல்பிரட்டுடையது. உள்ளே போய்ப் பத்து நிமிசத்தில் மெழுகு உருகிக் கழுத்தால் ஓடியது. குனிந்து சவளைத் தள்ளும்போதெல்லாம் முகமூடி ஒரு பக்கம் நழுவும். மணிக்கட்டால் தள்ளி நேராக்குவான். கொஞ்ச நேரத்தால் மூக்குக்குள் ஒரு இனிப்பு மணம். தலை கனத்தது. சவள் இரண்டாய்த் தெரிந்தது. கயிற்றை ஆட்டிவிட்டு வெளியே தவழ்ந்து வந்தான். தாங்கிக்குப் பின்பக்கம் போய்த் தின்றதெல்லாம் சத்தி எடுத்தான்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. அவனுக்கு அது தெரியாமலும் இல்லை. சொன்னால் ஓவசியர் வருவார், முகமூடியைக் கையில் எடுப்பார், எண்ணெயைக் காண்பார். "இது ஆர் பூசினது?" என்பார். அதற்குப் பிறகு அடுத்த தாங்கி இல்லை, அடுத்த கொந்தராத்து இல்லை. வெயில்தான், வேறொன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். முகமூடியின் உள்பக்கத்தைச் சாரத் தலைப்பால் துடைத்து அன்ஸாரிடம் நீட்டினான்.

"என்ன மச்சான், மொகம் வெளுத்திரிக்கி?"

"வெயில்."

"கொஞ்சம் நிழல்ல குந்து. கயித்தப் பிடிச்சிக்கிட்டே குந்தலாம்."

அதுதான் அன்ஸார் அவனுக்குச் சொன்ன கடைசிக் கதை.

உள்ளே சவள் இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது. சர், சர். பிறகு கொஞ்சம் நின்று, சர். பிறகு கேட்கவில்லை. அல்பிரட் கயிற்றை ஒரு தரம் இழுத்தான். நலமாயிருந்தால் உள்ளே நிற்பவன் ஒரு தரம் திருப்பி இழுக்க வேண்டும். கயிறு சும்மா கிடந்தது. இன்னொரு தரம் இழுத்தான். கயிற்றில் பாரம் மட்டும் தெரிந்தது.

"இக்னேசி! இஞ்சை ஓடி வா! ஐயோ, ஓடி வா!"

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். உடம்பு வந்து தாங்கியின் வாயில் இடறியது. தோளைத் திருப்பி, கையை மடக்கி, ஒரு மாதிரி வெளியே எடுத்தார்கள். முகமூடி அவன் முகத்தில்தான் இருந்தது, ஆனால் கோணலாய். நாடிப் பக்கம் வழுக்கி மேலே ஏறி, ஓரம் உதட்டில் கிடந்தது. இடது கன்னம் முழுக்க வெளியே. லொறியில் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்குத்தர் லொறியிலேயே ஏறிப் பார்த்துவிட்டு, இறக்க அவசரமில்லை என்று கையைக் காட்டினார்.

பின்னேரம் தாங்கியடிக்குத் திரும்பி வந்தபோது முகமூடி பைப்படியில் கிடந்தது. அல்பிரட் அதன் ஓரத்தில் பெருவிரலை வைத்து அமத்தினான். தொதல் இனிப்புக்குள் போகிற மாதிரி விரல் உள்ளே போனது. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மற்ற முகமூடியைப் போய் அமத்திப் பார்த்தான். அது விறைப்பாய், காய்ந்து, விரலைத் திருப்பித் தள்ளியது. இரண்டும் ஒரே பெட்டிக்குள்ளிருந்து ஒரே நாளில் எடுத்தவை. ஒன்றுதான் எண்ணெய் கண்டது. அப்போதுதான் விளங்கியது. காலடியில் நிலம் இருந்தபடியால் நின்றான்.

ஓவசியர் பொலிசுக்குச் சொன்ன கதை வேறு. "தாடி வைச்சுப் பழகினவன். மனமில்லாமல் அரைகுறையாய் வழிச்சிருக்கிறான். நான் கண்டு, திருப்பி வழிக்கச் சொன்னனான். கேக்காமல் இறங்கிட்டான்."

"ஐயா, காலமை நீங்கள் அவன்ர கன்னத்தைத் தடவி, சரி எண்டுதானே சொன்னனீங்கள்?" என்றான் இக்னேசியஸ்.

"நீ உன்ர சோடியைப் பார்த்தனியோ, என்ர கையைப் பார்த்தனியோ?"

பிறகு அல்பிரட்டைத் தனியே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"விசாரணை வரும். உன்னையும் கேப்பினம். அவன் வழிக்கேல்லை, அவ்வளவுதான். நீ நல்ல வேலைக்காரன் எண்டு கொந்தராத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறன். அடுத்த தாங்கிக்கு முதல் பேர் உன்ர பேர்."

அல்பிரட் தலையை ஆட்டினான். ஆட்டாமலும் இருந்திருக்கலாம். தலை தானாய் ஆடியது.

மறுநாள் அறுத்துப் பார்த்து உடம்பைக் கொடுத்தார்கள். அல்பிரட் துறை கடந்து கிண்ணியாவுக்குப் போனான். ஓலை வேலிக்கு வெளியே ஆம்பிளைகள் கூடி நின்றார்கள். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். அதற்குள் ஒரு குரல் மட்டும் அழாமல், "வாசல்ல வச்சு எண்ட மொகத்தப் பார்த்துட்டுத்தான் போன, பார்த்துட்டுத்தான் போன" என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. அது ஸல்ஹா என்று ஒருத்தரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் அன்ஸாரின் மூத்த தமையன் முத்தலிப் காக்கா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெலிந்த மனிசன். நெல்லுக் குத்தகை செய்கிறவர். கண் சிவந்திருந்தது, பேச்சு நிதானமாய் இருந்தது.

"தம்பி, மையித்த நான்தான் குளிப்பாட்டின. மொகத்த என்ட கையால கழுவின. காதடி வரைக்கும் ஒரு மயிர் இல்ல. வழிக்காம எறங்கினானாம் எண்டு ஒங்கட ஓவசியர் சொல்றாராம். நீங்க பக்கத்துல நிண்ட ஆள். செல்லுங்க."

"வழிச்சவர். காதடியை நான்தான் வழிச்சுவிட்டனான்."

"அத விசாரணையில செல்லுவீங்களா? இல்லாட்டி அவன் தன்ட உசிரத் தானே எடுத்த மாதிரி எழுதிப்போடுவாங்க. நாளைக்கு அவன்ட புள்ளைக்கு யாரும் அப்படிச் சொல்லப்படாது."

"சொல்லுவன்."

முத்தலிப் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "இன்னொண்டு. மொகத்தச் சுத்தி எண்ணெ இருந்திச்சு. மூணு தரம் தண்ணி ஊத்தியும் கை வழுக்கிச்சு. அவன் மொகத்துக்கு எண்ணெ வைக்கிறவன் இல்ல."

"தாங்கிக்குள்ள எண்ணெய்தானே, காக்கா."

"மஞ்சள் மணத்திச்சு" என்றார் முத்தலிப். அல்பிரட் துறைக்கு நடந்தான். தோணியில் இருந்த இரண்டு பெண்கள் அவனைப் பார்த்துப் பார்த்து ஏதோ குசுகுசுத்தார்கள். அப்போதுதான், தான் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கிறது அவனுக்குத் தெரிந்தது.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. தாங்கி வேலையை அதுவரைக்கும் நிற்பாட்டியிருந்தார்கள். அல்பிரட் கத்தியைத் தொடவில்லை. றீற்றா எண்ணெய்ச் சிமிழைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன் பூசேல்லை?"

"வழிக்கேல்லைத்தானே. பிறகென்னத்துக்கு?"

"புதுத் தோல். காய விடக்கூடாது."

"சும்மா இரு" என்று அடித்தொண்டையால் கத்தினான். அவள் சிமிழை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல அவனிடம் வாய் இல்லை. அவள் கை காய்ச்சின எண்ணெய்.

படுத்தபடி கணக்குப் பார்த்தான். வழித்தவன் என்று மட்டும் சொன்னால் என்ன? அப்ப ஏன் முகமூடி வழுக்கியது என்று கேட்பார்கள். தெரியாது என்றால் ஓவசியரின் கதைதான் நிற்கும். ஒரு பக்கம் ஓவசியரின் சொல், மறுபக்கம் ஒரு கூலியின் சொல். பாதி உண்மை கால் முறிந்த கதிரை மாதிரி; யாரும் குந்த ஏலாது. முழுக்கச் சொன்னால்தான் அன்ஸாரின் பெயர் நிற்கும். முழுக்கச் சொன்னால் தன் பெயர் விழும். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கும், இருக்கும் என்று எட்டு நாள் தேடினான். இல்லை.

ஒன்பதாம் நாள் கந்தோரில் ஒரு நீள மேசை. கண்ணாடி போட்ட ஒரு விசாரணை ஐயா. மேசையில் முகமூடி, குழாயில் ஒரு துண்டுக் காகிதம் கட்டி. சுவரோரம் முத்தலிப் தொப்பியோடு குந்தியிருந்தார். ஓவசியர் இஸ்திரி போட்ட சேட்டோடு வந்து தன் கதையைச் சொல்லி முடித்தார்.

"அல்பிரட், இறந்தவர் முகம் வழிச்சிருந்தாரோ?"

"ஓம் ஐயா. ரெண்டு தரம் வழிச்சவர். எங்கள் நாலு பேரிலும் நல்லாய் வழிச்சவர் அவர்தான்."

ஓவசியர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப முகமூடி எப்படிக் கழண்டது?"

அல்பிரட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நான் எண்ணெய் பூசினனான், ஐயா. என்ர முகத்திலை புண். மூண்டு கிழமை பூசினனான். மெழுகு போட்டுக் காய்ச்சின எண்ணெய். நான் போட்டுக் கழற்றின முகமூடியைத்தான் அவர் போட்டவர். அண்டைக்கு எனக்கும் உள்ளுக்குத் தலை சுத்தினது. வெளியிலை வந்து சத்தி எடுத்தனான். அவருக்குச் சொல்லேல்லை."

விசாரணை ஐயா முகமூடியை எடுத்து ஓரத்தை அமத்திப் பார்த்தார். விரலை மணந்து பார்த்தார். பிறகு, கோபமில்லாமல், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"றப்பர் உலர்ந்த தோலிலைதான் ஒட்டிப் பிடிக்கும், மயிர் இருந்தால் அதுக்குள்ளாலை காத்துப் போகும், அதுக்குத்தான் வழிக்கிறது. எண்ணெய் இருந்தால் வழுக்கும், நாள் போக றப்பரையும் தின்னும். இதை உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை ஐயா. வழிக்கச் சொன்னவை. ஏனெண்டு சொல்லேல்லை."

ஐயா ஓவசியரைப் பார்த்தார். ஓவசியர் சிரிக்கப் பார்த்தார். "இவையளுக்குச் சொன்னால் விளங்குமோ, ஐயா?"

ஐயா எழுதினார். கனநேரம் எழுதினார். கடைசியில் வாசித்துக் காட்டினார். அன்ஸார் விதிப்படி முகம் வழித்திருந்தார், அவரில் பிழையில்லை. உடன் வேலை செய்தவரின் அறியாமையாலும் கவனயீனத்தாலும் மரணம் நேர்ந்தது. ஓவசியரைப் பற்றி ஒரு வரி இருந்தது. வருங்காலத்தில் தகுந்த அறிவுறுத்தல் கொடுக்க வேண்டும் என்று. அல்பிரட் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான்.

வாசலில் ஓவசியர் அவனைத் தாண்டிப் போனார், நின்று திரும்பவில்லை. "உன்ர சாமானுகளை இக்னேசியிட்டைக் குடுத்து விடுறன்" என்று முன்னால் பார்த்தபடி சொன்னார். அவ்வளவுதான் அவனுடைய ஒன்பது வருசம்.

முத்தலிப் பூவரச நிழலில் நின்றார். அல்பிரட் அவருக்கு முன்னால் போய் நின்றான். காலில் விழலாமா என்று ஒரு யோசனை. அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒங்கட வாயால செல்லிட்டீங்க. அவன்ட பேர் நிண்டிச்சு. அதுக்கு அல்லா ஒங்களுக்குக் கூலி தருவான். ஆனா தம்பி, தலை சுத்தின நேரம் ஒரு சொல்லுச் செல்லியிருந்தா, இண்டைக்கு நீங்க ரெண்டு பேரும் வேல இல்லாம நிண்டிருப்பீங்க. ரெண்டு பேரும்." மரத்தில் சாத்தியிருந்த சைக்கிளைப் பிடித்தார். "இனி எங்கட பக்கம் வரவேணாம்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை. உருட்டிக்கொண்டேதான் போனார்.

அல்பிரட் வீட்டுக்குப் போகப் பின்னேரமாகிவிட்டது. றீற்றா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் வாசல்படியில் இருந்தான். முகத்தில் ஒன்பது நாள் தாடி. அதற்கடியில் தோல் அரித்தது, ஆறுகிற அரிப்பு.

"என்ன நடந்தது?"

"வேலை போச்சு."

"அன்ஸார் அண்ணன்ர பிழை எண்டு எழுதினவையோ?"

"இல்லை. என்ர பிழை எண்டு."

அவள் கை அரிசிக்குள் நின்றது. "நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

இனி ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஐயா தனக்குச் சொன்னதை, அதே சொல்லில், அதே அளவில் அவளுக்குச் சொன்னான். றப்பர் உலர்ந்த தோலில்தான் பிடிக்கும். மயிரிருந்தால் அதற்குள்ளால் காற்றுப் போகும். எண்ணெய் இருந்தால் வழுக்கும், றப்பரையும் தின்னும்.

றீற்றா கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மெல்லச் சாம்பலாய்ப் போனது.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"எனக்கே விளங்குதே" என்றாள். "உங்களுக்கும் விளங்கியிருக்கும். அண்ணனுக்கும் விளங்கியிருக்கும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் போகும்?"

அவள் களைந்த அரிசியைச் சட்டியோடு தள்ளி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து இருந்தாள். பொழுது பட்டது. மாதா கோயிலில் மணி அடித்தது, நின்றது. பக்கத்து வீடுகளில் புகை எழும்பியது. அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.